இரண்டாம் பிரிவில் ஒன்பது பெண்கள்

1

“பெப்ரவரி 3, திங்கட்கிழமை, காலை 9.12. பெறுநர்: பெண்கள் அணி வைத்திருக்கும் எட்டுக் கழகங்கள். இவ்வாண்டு தொடக்கம் பெண்கள் சுற்றுப்போட்டி இரண்டு பிரிவுகளாக நடைபெறும். கடந்த ஆண்டு முதல் நான்கு இடங்களைப் பெற்ற அணிகள் முதலாம் பிரிவிலும், ஏனைய நான்கு அணிகள் புதிதாகத் தொடங்கப்படும் இரண்டாம் பிரிவிலும் ஆடும். ஆட்சேபனை இருப்பின் இம்மாதம் 21ஆம் திகதிக்கு முன்னர் ஆதாரங்களுடன் எழுத்தில் அறிவிக்கவும்.”

போட்டிக் குழு அனுப்பிய இந்த மின்னஞ்சலை அன்று மாலையே தமிழாக்கி என் பச்சைக் கொப்பியில் எழுதிவைத்தேன். அதன் கீழே, சிவப்புப் பேனையால், “நாங்கள் ஐந்தாவது” என்று எழுதினேன். நான்காவது இடத்துக்கு வந்த அணிக்கு ஐந்து வெற்றிப் புள்ளி, எங்களுக்கு நான்கு.

‘நாங்கள்’ என்று எழுதிவிட்டேன். நான் ஆடுவதில்லை. எனக்கு அறுபத்திரண்டு வயது. டென்மார்க்கின் வைலே நகரில் ஒரு சரக்குக் களஞ்சியத்தில் வந்ததையும் போனதையும் சரிபார்ப்பது என் வேலை. ஓய்வு நேரத்திலும் அதையேதான் செய்கிறேன்: இந்த நகரத்துக்கு எந்தத் தமிழ்க் குடும்பம் எந்த நாளில் வந்தது, எந்தத் தெருவில் முதலில் குடியிருந்தது, யார் யாரைக் கூப்பிட்டது என்று பதினொரு கொப்பிகள் நிரப்பியிருக்கிறேன். பன்னிரண்டாவதுதான் பச்சைக் கொப்பி. அதில் இருப்பது என் மகள் நிலானி ஆடும் கேலிக் உதைபந்தாட்டத்தின் கணக்கு.

2

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இது அயர்லாந்துக்காரரின் ஆட்டம். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் ஓடக்கூடாது. நிலத்தில் ஒருமுறை குத்த வேண்டும், அல்லது பாதத்தில் தட்டி மீண்டும் கைக்கு எடுக்க வேண்டும். கோல் கம்பங்கள் குறுக்குக் கம்பிக்கு மேலும் உயர்ந்து நிற்கும். கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. மேலே இரண்டு கம்பங்களுக்கும் நடுவால் போனால் ஒரு புள்ளி. கம்பத்தடியில் வெள்ளை அங்கி போட்டு நிற்பவர் கோலுக்குப் பச்சைக் கொடியும் புள்ளிக்கு வெள்ளைக் கொடியும் உயர்த்துவார். சொந்த மண்ணில் பதினைந்து பேர் ஆடுவது. இங்கே ஆள் காணாததால் ஒன்பது பேர்.

பிள்ளைகள் டெனிஷ்காரராகிவிடுவார்கள் என்று நாங்கள் எல்லோரும் பயந்தோம். அதற்கென்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வைத்தோம். என் மகள் அயர்லாந்துப் பக்கம் போவாள் என்று ஒருவரும் எச்சரிக்கவில்லை. ஓகூஸ் நகரில் இயன்மருத்துவம் படித்த காலத்தில் கூட இருந்த ஒருத்தி கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினாள். படித்து முடித்து வைலேக்குத் திரும்பியதும் நிலானி டெக்லனைக் கண்டுபிடித்தாள். டெக்லன் காற்றாலைப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்யும் அயர்லாந்துக்காரர்; டெனிஷ் பெண்ணைக் கட்டியவர். ஒரு பழைய பந்துப் பையும் நான்கு பெண்களும் வைத்திருந்தார். மூன்று ஆண்டுகளில் நிலானி அதைப் பதினாலு பேராக்கினாள். இப்போது டெக்லன் பயிற்றுநர், அவள் தலைவி.

மைதானம் கேட்டுக் கொம்யூனுக்கு, அதாவது இங்கத்தைய நகரசபைக்கு, விண்ணப்பித்தபோது இணையப் படிவத்தில் இந்த ஆட்டத்துக்குப் பெட்டியே இல்லை. ‘ஏனைய பந்து விளையாட்டுகள்’ என்ற பெட்டியில் புள்ளடி போட்டோம். மூன்று வாரத்தின் பின், “உங்கள் மேசைப்பந்துக் கழகத்துக்கு உள்ளரங்கு ஒதுக்கப்பட்டுள்ளது” என்று பதில் வந்தது. இன்னும் இரண்டு கடிதம் எழுதித்தான் புல்தரை கிடைத்தது. அந்த இரண்டையும் எழுதியவன் நான். அதனால் டெக்லன் என்னைக் கழகத்தின் பதிவாளராக்கினார். கழகத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல்லும் என்னிடம் வந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

என் முதல் பதிவே பிழையாக முடிந்தது. நான் பார்த்த முதல் ஆட்டத்தின் முடிவுப் பலகையில் எங்களுக்கு 2-03 என்றும் எதிரணிக்கு 1-08 என்றும் எழுதியிருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கத்து மைதானங்களில் உதைபந்து பார்த்து வளர்ந்தவன். இரண்டுக்கு ஒன்று என்றால் வெற்றி. வைலேத் தமிழரின் வாட்ஸ்அப் குழுவில் உடனே போட்டேன்: “எமது மகளிர் அணி 2-1 என்ற கோல் கணக்கில் அபார வெற்றி.” ஐம்பது பேர் கை தட்டினார்கள். அடுத்த நாள் கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்து டோஸ்ட்ருப்பில் இருந்து என் ஊர்க்காரர் கணேசண்ணை கேக் ஒன்றோடு ரயிலேறி வந்து இறங்கினார். கேக்கில் கிரீமால் ‘சம்பியன்ஸ்’ என்று எழுதியிருந்தது.

நிலானி கேக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அப்பா, ரெண்டு கோல் எண்டால் ஆறு. ஆறும் மூண்டும் ஒன்பது. அவையள் பதினொண்டு. நாங்கள் தோத்தனாங்கள்.”

கணேசண்ணை கத்தியை எடுத்தபடி சொன்னார்: “அது பரவாயில்லைப் பிள்ளை. தோத்தவைக்கும் பசிக்கும்.”

அன்றிலிருந்துதான் நான் கொப்பியும் கையுமாகக் கோட்டோரம் நிற்கத் தொடங்கினேன். யார், எந்த நிமிடம், எந்தக் கால், கோலா புள்ளியா, என்ன கொடி. ஒன்றும் தவறக்கூடாது என்று.

3

கடந்த ஆண்டுப் பக்கங்களைச் சந்தோஷமாக வாசிக்க முடியாது. முதல் மூன்று இடத்து அணிகளிடம் நாங்கள் தோற்ற ஒவ்வொரு ஆட்டத்திலும் இடைவெளி இருபது புள்ளிக்கு மேல். அப்படித் தோற்றுவிட்டு மூன்று மணி நேரம் ரயிலில் வீட்டுக்கு வருவதைக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். ஒருவரும் கதைப்பதில்லை. காதில் பாட்டுக் கேட்கும் கம்பியைச் செருகிக்கொண்டு யன்னலைப் பார்ப்பார்கள். இலையுதிர் காலத்தில் மூன்று பேர் வேலை, படிப்பு என்று சொல்லி நின்றுவிட்டார்கள். பதினொருவர் மிஞ்சினார்கள். ஒன்பதுக்கு இரண்டுதான் கூட.

அப்படி இருந்தும் அந்தப் பெப்ரவரி மின்னஞ்சலை வாசித்தபோது எனக்கு முகம் சுட்டது. இரண்டாம் பிரிவு. என் மகள் தலைமை தாங்கும் அணி இரண்டாம் பிரிவு.

பெப்ரவரி 16, ஞாயிறு. கொப்பியை முதலில் இருந்து திருப்பினேன். கடந்த ஆகஸ்ட் 24ஆம் திகதி, சனிக்கிழமை, மழை, நான்காவது இடத்துக்கு வந்த அதே அணியுடன் நடந்த ஆட்டத்தில் கை நின்றது. போட்டிக் குழுவின் பட்டியலில் அது 1-08க்கு 1-07, ஒரு புள்ளியால் எங்களுக்குத் தோல்வி. என் கொப்பியில் இருபக்கமும் 1-08. சமநிலை. வித்தியாசம் இந்த ஒரு வரி: “இரண்டாம் பாதி, 11ஆம் நிமிடம், நிலானி, இடது கால், கம்பிக்கு மேல். வெள்ளைக் கொடி.”

கூட்டிப் பார்த்தேன். வென்றால் இரண்டு வெற்றிப் புள்ளி, சமநிலைக்கு ஒன்று; ஆகவே அந்த ஆட்டம் சமநிலை என்றால் எங்களுக்கு ஒரு வெற்றிப் புள்ளி கூடும், அவர்களுக்கு ஒன்று குறையும். நாங்கள் ஐந்து, அவர்கள் நான்கு. நாங்கள் முதலாம் பிரிவு.

களஞ்சியத்தில் காணாமற்போன பெட்டி ஒன்று பட்டியலில் அகப்பட்டால் வரும் அதே சந்தோஷம் வந்தது. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். கேட்க ஆளில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கழகத்தின் மின்னஞ்சலைத் திறந்து, பக்கத்தின் படத்தை இணைத்து, டெனிஷில் ஒரு மனு எழுதினேன். நல்லதொரு மனு. எழுதி அனுப்பிவிட்டு, அந்தப் பெருமையை வைத்திருக்க முடியாமல் கணேசண்ணைக்குத் தொலைபேசி எடுத்துத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“‘எமது கழகத்தின் கௌரவத்தைக் கருத்திற்கொண்டு, இரண்டாம் பிரிவில் சேர்க்கப்பட்டமையை நாம் ஏற்றுக்கொள்வதற்கில்லை...’”

அந்தப் பக்கத்தில் கணேசண்ணை சிரித்தார்.

“எடேய், உந்த வசனம் எனக்கு மனப்பாடம். நான் முந்தியும் கேட்டிருக்கிறன்.”

“எங்க கேட்டனீங்கள்?”

“எங்கயோ? வாசிகசாலைக்குப் பின்னால. நீ செக்கிறற்றி. நான் கீப்பர்.”

4

அவர் சொன்னது உண்மை. நான் நாட்டை விட்டு வருவதற்கு முந்திய ஆண்டு எங்கள் பகுதி உதைபந்தாட்டத்திலும் ‘பி’ பிரிவு ஒன்று தொடங்கினார்கள். தொடர்ந்து தோற்ற ஆறு கழகங்களை அதில் போட்டார்கள். எங்கள் கழகம் அந்த ஆறில் ஒன்று. கூட்டம் கூடினோம். நாற்காலி எட்டு, ஆட்கள் பத்தொன்பது. எங்களிடம் அப்போது தோல்விகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் கௌரவத்தைப் பற்றி நெடுநேரம் கதைத்தோம். கணேசண்ணை மட்டும் கோலில் நின்று பழகிய ஆளாகச் சுவரோடு சாய்ந்தபடி சொன்னார்: “பியில ஆடினாலும் பந்து உருண்டைதானே. எனக்குப் பிடிக்கிறதுக்குப் பந்து வந்தால் காணும்.” எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நான் கடிதம் எழுதினேன். கழகத்தின் கௌரவத்தைக் கருத்திற்கொண்டு இரண்டாம் பிரிவில் பங்குபற்றுவதில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று.

ஏகமனதாக அல்ல. ஒருவர் எதிர்த்தார். அதை நான் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாததால் மாலையில் மைதானத்துக்கு வரக் காரணம் இல்லை. அடுத்த பருவத்துக்குள் போரால் நாடு வேறு விதமாகிவிட்டது. அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. ஆனால் கழகம் அதற்கு முதலே முடிந்திருந்தது. அதற்கு என் கடிதம் பொறுப்பு. கணேசண்ணை இங்கே வந்து ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்து ஓய்வும் பெற்றுவிட்டார். இத்தனை ஆண்டாக, எந்தக் கலியாண வீட்டில் சந்தித்தாலும், “என்ர கடைசி உதைபந்து மச்சைப் பேனையால அடிச்சுப் போட்டவன் இவன்” என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார். நான் அதைப் பகிடி என்றே எடுத்துவந்தேன்.

5

பெப்ரவரி 19, புதன். வேலை முடிந்து வந்தபோது நிலானி சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். போட்டிக் குழுவின் பதில் கழகத்தின் மின்னஞ்சல் பெட்டிக்கு வந்திருந்தது: மனு பதிவு செய்யப்பட்டது, மார்ச் 8ஆம் திகதிக் கூட்டத்தில் ஆராயப்படும், ஏற்கப்பட்டால் இரண்டு அணிகளும் இடம் மாறும்.

அவளுக்குக் கோபம் வந்தால் டெனிஷ் வரும். மிகவும் கோபம் வந்தால் தமிழ் வரும். அன்று தமிழ் வந்தது.

“இதை ஆர் எழுதினது?”

“நான்தான்.”

“ஆரைக் கேட்டு எழுதினீங்கள்?”

“பிள்ளை, எங்கட புள்ளியை விட்டுப்போட்டினம். கொப்பியில கிடக்கு.”

“இந்த ரெண்டாம் பிரிவைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டது ஆர் தெரியுமே? நான். நானும் கீழ இருக்கிற மூண்டு ரீமின்ர கப்டன்மாரும். நவம்பரில இருந்து எழுதிக் கேட்டு வாங்கினது.”

எனக்கு அது தெரியாது. வைலேயில் யார் எந்த நாளில் வந்தார்கள் என்று தெரிந்த எனக்கு, என் வீட்டின் மேல்மாடி அறையில் இருந்து நான்கு மாதமாக என்ன எழுதப்பட்டது என்று தெரியாது. அவள் டெனிஷில் எழுதுகிறாள், டெனிஷில் தொலைபேசுகிறாள். அது அவளுடைய உலகம் என்று கதவைத் தாண்டிப் போய்விடுவேன்.

அவள் விரலை மடித்து எண்ணினாள். நாலு பேர் நிற்கப் போவதாகச் சொன்னவர்கள். இரண்டாம் பிரிவில் சமமான அணிகளோடு ஆடலாம், ஒரு பருவம் பொறுங்கள் என்று அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறாள். முதலாம் பிரிவுக்குப் போனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே சனிக்கிழமையில் மூன்று முறை இருபது புள்ளியால் அடி. நாலும் போகும். பதினொன்றில் நாலு போனால் ஏழு. ஏழு பேரை ஆட விடமாட்டார்கள்.

“உண்மை எண்டு ஒண்டு இருக்குதெல்லே,” என்றேன்.

“உண்மையைக் கொப்பியில வைச்சிருங்கோ அப்பா. கடிதத்தில ஏன் வைச்சீங்கள்?”

மடிக்கணினித் திரையில் என் வசனம் தெரிந்தது. டெனிஷில் அதைப் பார்த்தால் அந்நியர் யாரோ எழுதியது போல இருந்தது. ஆனால் நான் எழுதியதுதான், இரண்டாவது தடவையாக.

6

அடுத்த நாளே மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதினேன். இந்த நாட்டில் ஒன்றைக் கேட்பது சுலபம். கேட்டதை வேண்டாம் என்பதற்குப் படிவம் உண்டு. இன்னொரு அணியின் இடமும் சம்பந்தப்பட்டதால் காரணம் சொல்லாமல் விலக முடியாதாம். படிவத்தில் இரண்டு பெட்டி. ஒன்று: “சமர்ப்பித்த பதிவு பிழையானது.” மற்றது: “பதிவு சரியானது, விசாரணை தொடரட்டும்.”

“முதலாவதில ஒரு புள்ளடி போடுங்கோ,” என்றாள் நிலானி. “ஒரு புள்ளடிதானே.”

நான் போடவில்லை. பிடிவாதம் என்று என் மனைவி சொன்னாள். இருக்கலாம். ஒருமுறை, எதிர்த்த ஒருவரை விட்டுவிட்டு ‘ஏகமனதாக’ என்று எழுதியவன் நான். பன்னிரண்டு கொப்பியிலும் தெரிந்தே எழுதிய பொய் ஒன்றுகூட இல்லை. மகளுடைய அணியைக் காப்பாற்றுவதற்காகப் பதிமூன்றாவதைப் பொய்யோடு தொடங்க முடியாது. அந்த அணியைக் கெடுக்கவும் மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்க வேண்டும், அதைத் தேடுவது என் வேலை என்று முடிவெடுத்தேன்.

மைதானத்தில் எழுதிய மூலத் தாளைத் தேடப் போனேன். அங்கேதான் விளங்கியது.

எனக்கு முதல் வேலை தந்தது ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடை. அங்கே பெரிய கிளாக்கர் ஒருவர் இருந்தார். எதையும் முதலில் கிறுக்கி எழுதி, பிறகு சுத்தப் பிரதி எடுத்து, கிறுக்கலை அவர் கண்முன் கிழித்துப் போட வேண்டும். கிறுக்கல் மேசையில் கிடந்தால் அது அசிங்கம். அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. கோட்டோரம் நின்று துண்டுத் தாளில் குறிப்பேன். மாலையில் வீட்டுக்கு வந்து கை கழுவி, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, பச்சைக் கொப்பியில் அழகாக எழுதுவேன். துண்டுத் தாளைக் கிழித்து எறிவேன். ஆகஸ்ட் 24 மழையில் நனைந்த தாளையும் அப்படித்தான் எறிந்தேன்.

ஆக, என்னிடம் இருப்பது சாட்சியம் அல்ல, சாட்சியத்தின் அழகான பிரதி. ‘வெள்ளைக் கொடி’ என்பது அந்த ஈரத் தாளில் இருந்ததா? அல்லது பந்து மகளின் காலில் இருந்து புறப்பட்டதால், மேசையில் இருந்து எழுதும்போது என் கை தானாகவே கொடியை உயர்த்தியதா? கண்ணை மூடிப் பார்த்தேன். மழை தெரிந்தது. பந்து தெரிந்தது. கொடி சில வேளை தெரிந்தது, சில வேளை தெரியவில்லை.

படிவத்தில் இரண்டு பெட்டிக்கும் கீழே அடிமட்டம் வைத்து மூன்றாவது பெட்டி ஒன்றைக் கீறினேன். பக்கத்தில் எழுதினேன்: “உறுதிப்படுத்த முடியவில்லை.” அதற்குள் புள்ளடி போட்டேன்.

படிவம் திரும்பி வந்தது. அப்படியொரு பெட்டி கிடையாது என்றார்கள். அப்படியானால் நேரில் வந்து சொல்கிறேன் என்று எழுதினேன்.

7

மார்ச் 8, சனி. காலை ரயிலில் கோப்பன்ஹேகனுக்கு நிலானியும் வந்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. ரயில் மேடையில் பக்கத்தில் நின்றாள். கடலுக்கு மேலான பெரிய பாலத்தைக் கடக்கும்வரை காதில் கம்பி. பாலம் முடிந்ததும் பையில் இருந்து கறுத்தப் பாண் எடுத்து எனக்குப் பாதி தந்தாள். அதற்குள் சம்பல் வைத்திருந்தாள்.

கூட்டம் ஒரு குடியிருப்பின் பொது அறையில். ஏழு பேர், இரண்டு கோப்பிக் குடுவை. தலைமை தாங்கிய அயர்லாந்துப் பெண் என் கொப்பிப் பக்கத்தின் படத்தைப் பார்த்து, இவ்வளவு அழகான பதிவைத் தான் கண்டதில்லை என்றார்.

“அதுதான் பிரச்சினை,” என்றேன். “மழையில் எழுதிய பதிவு அழகாக இருக்க முடியாது.”

சுத்தப் பிரதியின் கதையைச் சொன்னேன். மூலத்தை ஏன் எறிந்தேன் என்று அவர்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. “எறிவதற்காகத்தான் எழுதினீர்களா?” என்று ஒரு டெனிஷ்காரர் கேட்டார். ஓம் என்றேன். நான்காவது அணியின் பிரதிநிதி, செம்பட்டைத் தலைமயிர்ப் பெண், நிலானியைத் திரும்பிப் பார்த்து நீதானே அடித்தாய், உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். அடித்த கையோடு தன்னை ஒருத்தி தள்ளி விழுத்தியதால் சேற்றைத்தான் பார்த்ததாக நிலானி சொன்னாள். “தள்ளியது நான்,” என்றாள் செம்பட்டை. எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று அந்தப் பக்கக் கம்பத்தடியில் நின்றவர் வேறொரு கழகத்துப் பெண், அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கு எழுதிப் பார்க்கிறோம், அதுவரை பட்டியல் பட்டியல்படியே என்று தீர்மானித்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதியவரிடம், ‘பதிவு பிழை’ என்று எழுத வேண்டாம், ‘உறுதிப்படுத்தப்படவில்லை’ என்று எழுதுங்கள் என்று கேட்டு, எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகே கதிரையை விட்டு எழுந்தேன்.

வெளியே வந்ததும் நிலானி, “ஒரு புள்ளடிக்கு ஆறு மணித்தியாலம் ரயில்,” என்றாள்.

“நாலே முக்கால்,” என்றேன்.

8

மே 17, சனி. இரண்டாம் பிரிவின் முதல் சுற்று, டோஸ்ட்ருப்புக்குப் பக்கத்து மைதானத்தில். கணேசண்ணை மடிகதிரையும் ஒரு பெட்டி ரோல்ஸும் கொண்டு காலையிலேயே வந்து இருந்துவிட்டார். எங்களுக்குப் பதினொரு பேரும் வந்திருந்தார்கள்; ஒருத்திக்குக் கணுக்கால் வீக்கம், ஆகவே பத்து.

மற்ற இரண்டு அணிகளின் ஆட்டத்துக்குக் கம்பத்தடியில் நிற்க ஆள் காணவில்லை. டெக்லன் சுற்றிப் பார்த்துவிட்டு வெள்ளை அங்கியைக் கணேசண்ணையிடம் நீட்டினார்.

“என்னவாம்?” என்றார் கணேசண்ணை.

“கோலடியில நிக்கட்டாம்.”

“பந்து பிடிக்கலாமோ?”

“இல்லை. கொடி பிடிக்கலாம். பச்சை கோல், வெள்ளை புள்ளி.”

“நாப்பது வருசம் கழிச்சுக் கோலடிக்குக் கூப்பிடுறாங்கள், கையைக் கட்டிக்கொண்டு நிக்கட்டாம்,” என்றபடி அங்கியைப் போட்டார். அது முழங்காலுக்குக் கீழே வந்தது. ஆட்டம் முழுவதும் குனிந்து, கைகளை விரித்து, கீப்பர் நிற்பதுபோலவே நின்றார். ஒருமுறை பந்து அவர் பக்கமாக வெளியே போனபோது அவரையறியாமல் பாய்ந்து பிடித்துவிட்டார். மத்தியஸ்தர் ஊதவில்லை, கை தட்டினார்.

திரும்பி வந்து மூச்சு வாங்கியபடி என் பக்கத்தில் இருந்தார்.

“உனக்கொண்டு சொல்லட்டே. நல்ல வெயில். நான் கம்பத்துக்குக் கீழ நிக்கிறன். பந்து கம்பத்தைவிட உயரப் போனால் உள்ளுக்கயோ வெளியிலயோ எண்டு ஆருக்கும் தெரியாது. ரெண்டு தரம் நான் சும்மா தூக்கினனான்.”

“அண்ணை, உதை இங்க சத்தமாய்ச் சொல்லாதேங்கோ.”

“தமிழிலதானே சொல்லுறன்.”

எங்கள் அணி முதல் ஆட்டத்தை நான்கு புள்ளியால் வென்றது. இரண்டாவது சமநிலை. மூன்றாவதில், கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு புள்ளி முன்னால் நின்று, ஒரு கோல் வாங்கி, ஒரு புள்ளியால் தோற்றது. அந்தச் சுற்றின் கிண்ணம் எதிரணிக்கு. எங்களுக்கு இரண்டாம் பிரிவில் இரண்டாம் இடம். இதைவிடத் தாழ்வாக ஒரு வெற்றியைச் சொல்ல முடியாது. கொப்பியில் அப்படியே எழுதியிருக்கிறேன், வாட்ஸ்அப் குழுவிலும் அப்படியே போட்டேன்.

திரும்பும் ரயிலில் நான் கண்டதை எழுதுவதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒருவர் காதிலும் கம்பி இல்லை. நிற்கப் போவதாகச் சொன்ன நாலு பேரும் எதிரெதிரே இருந்து சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள்: அந்தக் கோல் யாரால் போனது, யார் பின்னுக்கு ஓடவில்லை, யார் பந்தைச் சும்மா கொடுத்தது. ஒருத்தி கடதாசிக் கோப்பைகளை மேசையில் அடுக்கி யார் எங்கே நின்றது என்று காட்டினாள். இன்னொருத்தி அதைக் கலைத்து வேறு விதமாக அடுக்கினாள். மெதுவாகக் கதைக்கும்படி பெட்டியில் இருந்தவர்கள் இரண்டு தடவை சொன்னார்கள். இருபது புள்ளியால் தோற்றவர்களுக்கு வாதாட ஒன்றும் இருக்காது. ஒரு புள்ளியால் தோற்றவர்களுக்கு வைலே வரைக்கும் போதாது. செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்குப் பதினொருவரும் வந்தார்கள். அதோடு, முன்பு விலகிய மூவரில் ஒருத்தியும். அடுத்த சுற்றுக்கான பதிவுப் படிவத்தை நான் அனுப்பிவிட்டேன். இந்த முறை நிலானிக்கு வாசித்துக் காட்டிய பிறகு.

துண்டுத் தாள்களையும் இப்போது எறிவதில்லை. கசங்கலோடு, ரோல்ஸ் எண்ணெய்க் கறையோடு, கொப்பியில் அந்தந்தப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். பெரிய கிளாக்கர் பார்த்தால் எழும்பிப் போயிருப்பார்.

ஒன்று மிச்சம். அயர்லாந்துக்குப் போன பெண்ணிடமிருந்து பதில் வரவில்லை. மூன்று தடவை எழுதப்பட்டது, கடைசியாக ஜூன் 3ஆம் திகதி. அன்று நிலானி சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றபோது நேரடியாகவே கேட்டேன்.

“நீ உண்மையிலயே சேற்றைத்தான் பார்த்தனியோ?”

அவள் கோப்பையைக் கழுவி, கவிழ்த்துவைத்து, கையைத் துடைத்தாள்.

“உங்கட கொப்பியில என்ன கிடக்கு?”

“வெள்ளைக் கொடி.”

“அப்ப அப்பிடியே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போனாள்.

ஆகஸ்ட் 24, இரண்டாம் பாதி, 11ஆம் நிமிடம், இடது கால். பந்து கம்பங்களுக்கு நடுவால் போனதா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.